ஏ.ஆர் காப்பில எழுதின ஒரு வரி: ஆக்ஸிடெண்ட் கேஸ்ல நான் பட்டதும் நீங்க பாத்துக்க வேண்டியதும்

எங்க தெருவுல ஒரு தம்பிய போன மாசம் கார் இடிச்சிருச்சு. அவங்கம்மா என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, ஏனுங்கக்கா நீங்கதான் கோர்ட்டுக்கெல்லாம் போயி ஜெயிச்சிங்களே, இப்ப நான் முதல்ல எங்க போகணும், யாரப் பாக்கணும்னு அழுதுகிட்டே கேட்டாங்க. உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் சொன்னேன். எனக்கு அடிபட்டப்ப இப்படி உக்கார வச்சு சொல்ல ஒருத்தர் கூட இல்ல. அதனால அவங்களுக்குச் சொன்னத எல்லாருக்கும் சேத்து இங்க எழுதுறேன், நீளமா இருந்தாலும் பொறுமையா படிங்க, வீட்ல வண்டி ஓட்டுறவங்களுக்கும் காட்டுங்க.

நான் கரூர். வீட்லயே ரெண்டு பவர் மிஷின் போட்டு தலகாணி உறை, கர்ட்டன், மேஜை விரிப்புன்னு பீஸ் ரேட்டுக்கு தைக்கிறேன். வீட்டுக்காரர் அப்ப மஸ்கட்ல இருந்தாரு, பொண்ணு எட்டாவது படிச்சிட்டிருந்தா, கூட எங்கம்மா. 2022 ஆகஸ்ட் மாசம், தைச்ச பண்டல கம்பெனில போட்டுட்டு ஸ்கூட்டில திரும்பி வர்றேன். பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல எதிர்த்தாப்ல ராங் சைடுல ஒரு குட்டி யானை, அதான் சின்ன சரக்கு வண்டி, வந்து என் வலது காலோட சேத்து அடிச்சிருச்சு. ஹெல்மெட் போட்டிருந்ததால தலைக்கு ஒண்ணுமில்ல. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் போச்சு, கணுக்கால் தனியா நொறுங்குச்சு. பக்கத்து டீக்கடை அண்ணன்தான் ஓடி வந்து 108க்கு போன் போட்டாரு, கடையில வேலை செஞ்ச பையன் போன்ல வண்டிய நாலஞ்சு போட்டோ எடுத்தான். அந்த போட்டோதான் பின்னாடி என் கேஸையே காப்பாத்துச்சு, அத அப்புறம் சொல்றேன்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டில என்ன இறக்கினப்ப எனக்கு பாதி நினைவுதான். டூட்டி டாக்டர் என்ன ஆச்சுன்னு கேட்டிருக்காங்க, ஸ்ட்ரெச்சர் பக்கத்துல நின்ன யாரோ ஒருத்தர், வண்டில இருந்து விழுந்துட்டாங்க சார்னு சொல்லியிருக்காங்க. அது யாருன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. டாக்டரும் அதையே ஆக்ஸிடெண்ட் ரெஜிஸ்டர்ல, டூ வீலர்ல இருந்து தவறி விழுந்ததா சொல்லப்படுகிறதுன்னு எழுதிட்டாங்க. இதத்தான் ஏ.ஆர் காப்பின்னு சொல்லுவாங்க. அடிபட்டு வர்ற ஒவ்வொருத்தருக்கும் பேரு, நேரம், எங்க எப்படி நடந்துச்சு, என்னென்ன காயம்னு எழுதுற பதிவு அது. இதுல இடிச்ச வண்டியப் பத்தி ஒரு வார்த்தை இல்லைன்னா இன்ஸூரன்ஸ்காரங்களுக்கு அது போதும், தானா விழுந்துட்டு அப்புறம் யாரோ தெரிஞ்சவங்க வண்டிய கேஸுக்காக சேத்துட்டாங்கன்னு வாதம் பண்ணுவாங்க. என் கேஸ்ல சரியா இதான் நடந்துச்சு. மூணு வருஷம் நான் கோர்ட்ல போராடினது கால் உடைஞ்சதுக்காக இல்ல, அந்த ஒரு வரிக்காக.

அதனால யாருக்கு அடிபட்டு நீங்க கூடப் போனாலும் சரி, டாக்டர் கேக்குறப்ப மூணு விஷயத்த வாய் திறந்து சொல்லுங்க, எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி இடிச்சது. நம்பர் தெரிஞ்சா நம்பர், தெரியலைன்னா லாரியா காரா என்ன கலர்னு. எழுதினத படிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. தப்பா எழுதிட்டாங்கன்னு அன்னிக்கே தெரிஞ்சா உடனே டூட்டி டாக்டர்ட்டயும் ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் போலீஸ்கிட்டயும் எழுத்துல சொல்லிடுங்க. கூட வந்தவங்க போலீஸ் தொந்தரவுக்கு பயந்து எதையாவது சொல்லிட்டு ஓடிடுறாங்க. அந்த பயம் வேண்டியதே இல்ல, மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவுன்னு 2019ல சேத்திருக்காங்க, உதவி பண்ணினவங்க மேல கேஸ் கிடையாது, பேரு அட்ரஸ் குடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

அடுத்து ட்ரீட்மெண்ட் செலவு. தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48ன்னு 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச திட்டம் ஒண்ணு இருக்கு. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள ரோட்டுல அடிபட்ட யாரா இருந்தாலும், வெளி மாநிலத்துக்காரரா இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்கு ட்ரீட்மெண்ட் இலவசம், நான் அடிபட்டப்ப 1 லட்சம் வரைக்கும்னு இருந்துச்சு. திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் இது செல்லும். என்னய முதல் நாள் ராத்திரியே சொந்தக்காரங்க எல்லாம் பதறி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க, அது அந்த லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரி. நான் வலில கிடந்தேன், எங்கம்மாவுக்கு இதெல்லாம் எங்க தெரியும், ஆம்புலன்ஸ் வந்து நின்னுருச்சு ஏத்திட்டாங்க. ஆபரேஷன், பிளேட், ரூம்னு 1,86,000 ரூபா பில்லு. நகைய அடகு வச்சுதான் கட்டினோம். மாத்துறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கான்னு ஒரு கேள்வி கேட்டா போதும், லட்ச ரூபா மிச்சம். இப்ப 2025 மே மாசத்துல இருந்து மத்திய அரசோட கேஷ்லெஸ் திட்டமும் வந்திருக்கு, 7 நாளைக்கு 1.5 லட்சம் வரைக்கும். ரெண்டையும் கேளுங்க.

பில்லப் பத்தி ஒண்ணு கட்டாயம் சொல்லணும். மெடிக்கல்ல குடுக்குற அந்த வழவழ பேப்பர் பில்லு ஆறு மாசத்துல எழுத்தே இல்லாம வெள்ளையா போயிடும். நான் பத்திரமாத்தான் ஒரு தலகாணி உறைக்குள்ள போட்டு பீரோல வச்சிருந்தேன், கோர்ட்டுக்கு எடுக்குறப்ப பாதி பில்லு வெத்துத் தாள். வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலோட சேத்து பின் பண்ணிடுங்க. பில்லுல பேஷண்ட் பேரு இருக்கணும், டாக்டர் சீட்டு கூடவே இருக்கணும், பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வர்றவங்ககிட்டயும் ரசீது கேளுங்க. எனக்கு மொத்தம் இரண்டரை லட்சம் கிட்ட மருத்துவச் செலவு, கோர்ட் ஒத்துக்கிட்டது 2,14,000. மிச்சம் அப்படியே போச்சு.

ஆஸ்பத்திரில இருக்கறப்பவே வண்டி ஓனர் வந்தாரு, கூட எங்க பக்கத்து ஊரு பெரியவர் ஒருத்தர், ஆப்பிள் ஆரஞ்சு எல்லாம் வாங்கிட்டு. 25,000 ரூபா கவர்ல வச்சு, பாரும்மா, கேஸு கீஸுன்னு போனா உன்னால அலைய முடியுமா, வீட்டுக்காரரும் ஊர்ல இல்ல, பேசித் தீத்துக்கலாம், இதுல ஒரு கையெழுத்து போடுன்னு ஒரு வெள்ளைத் தாள நீட்டினாரு. எனக்கு அப்ப வந்த கோவம் இன்னும் ஆறல. கால்ல கட்டோட படுத்திருக்கேன், என் சம்மதத்த ஒரு கவருக்கு கேக்குறாங்க. போடமாட்டேன்னு சொல்லிட்டேன். உங்களுக்கும் இப்படி யாராச்சும் வந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, நஷ்ட ஈடு குடுக்கப் போறது பெரும்பாலும் ஓனர் பாக்கெட்ல இருந்து இல்ல. ரோட்டுல ஓடுற எல்லா வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்ஸூரன்ஸ் கட்டாயம், அடுத்தவங்களுக்கு அடிபட்டா குடுக்கத்தான் அந்தப் பாலிசியே இருக்கு. அந்த ஓனருக்கும் இத யாரும் சொல்லல போல, பாலிசி இருக்குன்னா அவர் பயப்படவே வேண்டியதில்ல. வண்டி நம்பர வச்சு எம்பரிவாகன் ஆப்ல பாலிசி உயிரோட இருக்கான்னு நீங்களே பாத்துக்கலாம். டிரைவர் மேல போலீஸ் போடுற கிரிமினல் கேஸ் வேற, நஷ்ட ஈட்டு கேஸ் வேற. டிரைவர் கிரிமினல் கேஸ்ல விடுதலை ஆனாக்கூட நஷ்ட ஈட்டு கேஸ் தானா விழுந்துடாது, ஏன்னா இதுல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு கிடையாது, எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு பாத்தா போதும்.

போலீஸ் விஷயத்துக்கு வர்றேன். ஆஸ்பத்திரில இருந்து ஸ்டேஷனுக்கு தகவல் போயிருக்கணும், போச்சா போகலையா தெரியல, கிட்டத்தட்ட ஒரு வாரம் கழிச்சுதான் எஃப்.ஐ.ஆர் போட்டாங்க. அதுக்கும் எங்கம்மா ஸ்டேஷன் பெஞ்சுல போயி போயி உக்காந்தாங்க. முதல்ல சி.எஸ்.ஆர் மட்டும் குடுத்து அனுப்பினாங்க, அது வெறும் மனு ரசீது, அத வச்சு கேஸ் நடத்த முடியாது, எஃப்.ஐ.ஆர் நம்பர் வேணும். லேட் ஆயிடுச்சேன்னு மனசு விட்றாதீங்க, எஃப்.ஐ.ஆர் லேட்டான ஒரே காரணத்துக்காக கேஸ தள்ளக் கூடாது, அடிபட்டவங்க குடும்பம் முதல்ல உயிரத்தான் பாப்பாங்கன்னு சுப்ரீம் கோர்ட் 2011லயே சொல்லியிருக்கு. ஆனா ஏன் லேட்டுன்னு எஃப்.ஐ.ஆர்லயே ஒரு வரி எழுத வச்சிடுங்க. ஸ்டேஷன்ல வாங்கவே மாட்டேங்குறாங்கன்னா மாவட்ட எஸ்.பிக்கு ரெஜிஸ்டர் தபால்ல புகார் அனுப்பி ரசீத வச்சுக்கோங்க.

எஃப்.ஐ.ஆர் மட்டும் பத்தாது. ஸ்பாட்ல போலீஸ் போடுற ரஃப் ஸ்கெட்ச், ரெண்டு வண்டியையும் பாத்து மோட்டார் வாகன ஆய்வாளர் குடுக்குற ரிப்போர்ட், டிரைவர் லைசென்ஸ், ஆர்.சி புக், பாலிசி, கடைசில சார்ஜ் ஷீட், இது எல்லாம் சேந்தாதான் கேஸு நிக்கும். 2022 ஏப்ரல்ல வந்த விதிப்படி போலீஸே 48 மணி நேரத்துக்குள்ள முதல் விபத்து அறிக்கைய நஷ்ட ஈட்டு கேஸ விசாரிக்கிற தீர்ப்பாயத்துக்கும் இன்ஸூரன்ஸுக்கும் அனுப்பணும், 90 நாளுக்குள்ள விரிவான அறிக்கை தரணும். இத நடைமுறைப்படுத்தியே ஆகணும்னு 2022 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு போட்டுச்சு. என் கேஸ்ல அப்படி ஒண்ணும் தானா நடக்கல. ஆனா இப்படி விதி இருக்குன்னு தெரிஞ்சு, சார் விரிவான அறிக்கை எப்ப போகுதுன்னு கேட்டா பதில் வேற மாதிரி வருது, அத நான் கண்ணால பாத்தேன். எனக்கு உயிர் குடுத்தது ஆய்வாளர் ரிப்போர்ட். என் ஸ்கூட்டியோட வலது பக்க ஃபுட் போர்டு உடைஞ்சிருக்கு, குட்டி யானையோட முன்பக்க பம்பர் நெளிஞ்சிருக்குன்னு அதுல எழுதியிருந்தாங்க. டீக்கடை பையன் எடுத்த போட்டோலயும் அந்த பம்பர்ல என் ஸ்கூட்டியோட நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது பளிச்சுனு தெரிஞ்சுச்சு. தானா விழுந்த வண்டி பெயிண்ட் எதிர்ல வந்த வண்டில எப்படி ஒட்டும்?

இன்னொரு ஆள் வருவாரு, ஜாக்கிரதை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருக்கும், நல்லா மரியாதையா ஒருத்தர் பிஸ்கட் பாக்கெட்டோட வந்தாரு, இன்ஸூரன்ஸ்ல இருந்து வர்றேன் அக்கா, உங்களுக்கு சீக்கிரம் காசு கிடைக்கத்தான் விசாரிக்கிறேன்னாரு. காபி குடிச்சிட்டே, மழை பேஞ்சிருந்துச்சா அக்கா, ரோட்டுல மண்ணு இருந்துச்சாமே, வண்டி கொஞ்சம் ஸ்லிப் ஆயிருச்சோன்னு கேக்குறாரு. அவர் இன்வெஸ்டிகேட்டர். கம்பெனி சார்பா ஓட்டை தேடி வர்றவரு. நீங்க சொல்ற ஒரு வார்த்தை அவர் ரிப்போர்ட்ல போயி உக்காந்துக்கும். எதுவா இருந்தாலும் வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்கன்னு சொல்லிட்டு நிறுத்திக்கோங்க, எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

வக்கீல் பிடிக்கிறதுதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. ஆஸ்பத்திரி வார்டுலயே ஒரு புரோக்கர் வந்து, செலவு ஒரு பைசா வேணாம், ஜெயிச்சா நூத்துக்கு முப்பது எங்களுக்குன்னு சொல்லி நாலஞ்சு தாளையும் ஒரு பிளாங்க் செக்கையும் கேட்டாரு. ஜெயிக்கிற காசுல பங்கு பேசி ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. வார்டுல ஆள விட்டு கேஸ் பிடிக்கிறதும் தப்பு. நான் கேட்டு விசாரிச்சு கோர்ட் வளாகத்துல இருக்குற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போனேன். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் அங்க வக்கீல் இலவசம், குழந்தைங்க, பட்டியல் சமூகத்தவங்க, மாற்றுத்திறனாளிங்க, இவங்களுக்கும் அப்படித்தான், மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100ன்னு ஒரு இலவச போன் நம்பரும் இருக்கு. எனக்கு ஒரு வக்கீல் மேடத்த போட்டுக் குடுத்தாங்க. ஏ.ஆர் காப்பிய பாத்த உடனே அவங்க முகம் மாறுனது எனக்கு தெரிஞ்சுச்சு. இதத்தான்மா அவங்க பிடிச்சுக்குவாங்க, ஆனா பயப்படாதீங்க, மத்த பேப்பர் எல்லாத்தையும் சேப்போம்னு சொன்னாங்க.

கெடு முக்கியம். முன்னாடி ஆக்ஸிடெண்ட் கேஸுக்கு கால வரம்பு இல்லாம இருந்துச்சு, 1994ல எடுத்திருந்தாங்க, அத நினைச்சுகிட்டு ஊர்ல நிறைய பேரு மெதுவா போட்டுக்கலாம்னு சொல்லுவாங்க. 2019 திருத்தத்துல திரும்பவும் கொண்டு வந்து, 2022 ஏப்ரல் 1ல இருந்து நடந்த விபத்துக்கு 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு ஆயிடுச்சு. இந்தக் கெடு சரியான்னு சுப்ரீம் கோர்ட்ல வழக்கு நடக்குது, அதனால தாண்டிப் போனவங்களும் விட்டுடாம வக்கீல்கிட்ட கேளுங்க, ஆனா கைல நேரம் இருக்குறவங்க அத நம்பி உக்காந்திருக்காதீங்க. மனு விபத்து நடந்த ஊர்லதான் போடணும்னு இல்ல, நீங்க குடியிருக்குற ஊர்லயும் போடலாம். வெளியூர் போயிட்டு அடிபட்டவங்களுக்கு இது பெரிய விஷயம். நான் 2023 ஜனவரில போட்டேன்.

அதுக்கப்புறம் வாய்தா. கூண்டுல ஏறி நின்ன அன்னிக்கு நடந்தத மட்டும் சொல்றேன். இன்ஸூரன்ஸ் தரப்பு வக்கீல் ஏ.ஆர் காப்பிய கைல வச்சுகிட்டு, நீங்க தானா விழுந்தீங்க, டாக்டர்ட்ட அப்படித்தான் சொன்னீங்க, அப்புறம் நஷ்ட ஈட்டுக்காக இந்த வண்டிய சேத்தீங்கன்னு சொல்றேன், சரிதானேன்னு கேட்டாரு. பொய் சொல்றவளா என்னய நாலு பேரு முன்னாடி நிக்க வச்ச மாதிரி இருந்துச்சு, கை நடுங்குச்சு. மேடம் முன்னாடியே சொல்லியிருந்தாங்க, கோவப்படாதீங்க, நீளமா பேசாதீங்க, தெரிஞ்சத மட்டும் சொல்லுங்கன்னு. சரியல்லங்க, டாக்டர்ட்ட நான் எதுவும் சொல்லல, நான் நினைவோட இல்லன்னு மட்டும் சொன்னேன். டீக்கடை அண்ணன் கடைய மூடிட்டு சாட்சி சொல்ல வந்தாரு, ஒரு நாள் வியாபாரம் போச்சு அவருக்கு, ஒரு டீ காசு கூட என்கிட்ட வாங்கிக்கல. கடைசில தீர்ப்புல, ஏ.ஆர் காயத்த பதிவு பண்றதுக்கான பேப்பர், எப்படி நடந்துச்சுங்குறத சொன்னது மனுதாரர் இல்ல, சார்ஜ் ஷீட்டும் ஆய்வாளர் ரிப்போர்ட்டும் நேர்ல பாத்தவர் சாட்சியும் ஒத்துப் போகுதுன்னு எழுதினாங்க. எங்கம்மா அத படிக்கச் சொல்லி கேட்டு அழுதாங்க.

இன்ஸூரன்ஸ் இன்னொரு வழிலயும் தப்பிக்கப் பாத்துச்சு. டிரைவர்கிட்ட கார் ஓட்டுற எல்.எம்.வி லைசென்ஸ்தான் இருக்கு, சரக்கு வண்டிக்கு தனி அனுமதி இல்ல, அதனால நாங்க பொறுப்பில்லன்னாங்க. நல்ல வேளை கேஸ் நடக்குறப்பவே, 2024 நவம்பர் 6ந்தேதி சுப்ரீம் கோர்ட்ல 5 நீதிபதி பெஞ்ச், 7,500 கிலோவுக்குள்ள இருக்குற சரக்கு வண்டிய எல்.எம்.வி லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு தீர்ப்பு குடுத்தாங்க. அதோட அந்த வாதம் போச்சு. லைசென்ஸ்ல நிஜமாவே குறை இருந்தாக்கூட, முதல்ல அடிபட்டவங்களுக்கு குடு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு கோர்ட்டு உத்தரவு போடுறது உண்டு. பாலிசியே இல்லாத வண்டின்னாதான் சிக்கல், அப்ப ஓனர்தான் கட்டணும், அதனால ஸ்டேஷன்ல இருந்து வண்டிய வெளிய விடுறதுக்கு முன்னாடியே ஈடு கட்ட வைக்கணும்னு வக்கீல் மூலமா மனு போடப் பாருங்க. இடிச்சிட்டு நிக்காம போயி வண்டியே தெரியலைன்னாலும் வழி இருக்கு, பலத்த காயத்துக்கு 50,000, உயிர் போயிருந்தா 2 லட்சம், வருவாய்த்துறை ஆர்.டி.ஓ (கோட்டாட்சியர்), தாசில்தார் ஆபீஸ் வழியா கேக்கணும்.

எவ்வளவு கிடைக்கும்னு எல்லாரும் கேக்குறாங்க. கணக்கு ஒண்ணும் ரகசியம் இல்ல. காயத்தால சம்பாதிக்கிற திறன் எத்தனை சதவீதம் குறைஞ்சுது, மாச வருமானம் எவ்வளவு, வயசு என்ன, இந்த மூணுதான் பெரிய தொகைய முடிவு பண்ணுது. வயசுக்கு ஒரு பெருக்கல் எண் இருக்கு, 2009ல சர்லா வர்மா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் போட்ட பட்டியல், 26ல இருந்து 30 வயசுக்கு 17, 36ல இருந்து 40க்கு 15, 46ல இருந்து 50க்கு 13, இப்படி குறைஞ்சுகிட்டே போகும். சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு 40 வயசுக்குள்ளன்னா வருமானத்தோட 40 சதவீதம் எதிர்கால உயர்வுன்னு கூட்டணும், அது 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு, இறந்தவங்களுக்கு மட்டுமில்ல காயப்பட்டவங்களுக்கும் சேக்கலாம்னு 2020ல சொல்லிட்டாங்க.

இதுல ஊனம்ங்குறத நல்லா புரிஞ்சுக்கணும். மெடிக்கல் போர்டு எனக்கு 30 சதவீதம்னு குடுத்தாங்க. கோர்ட்டு பாக்குறது அந்த நம்பர அப்படியே இல்ல, அந்த ஊனத்தால உன் தொழில் எவ்வளவு கெட்டுதுன்னுதான், 2010ல ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்புல இத விளக்கமா சொல்லியிருக்காங்க. ஒரு விரல் போனா கணக்கு எழுதுறவருக்கு ஒண்ணு, தவில் வாசிக்கிறவருக்கு வேற. பவர் மிஷின் தெரிஞ்சவங்களுக்கு புரியும், பெடல முன்பாதத்தால அழுத்தினா ஓடும், குதிகாலை பின்னால சாய்ச்சா நிக்கும், மூலை திருப்புறப்ப அரை அழுத்து அழுத்தி ஒவ்வொரு தையலா விடணும், எல்லாம் கணுக்கால்லதான் இருக்கு. என் கணுக்கால் பாதிக்கு மேல மடங்காது. இடது கால்ல பழகிப் பாத்தேன், நேர் தையல் வரும், மூலை வராது, ஒரு நாளைக்கு தைக்கிற உறை பாதியா கொறைஞ்சு போச்சு. இத அப்படியே கூண்டுல சொன்னேன், தொழிலுக்கான பாதிப்புன்னு 20 சதவீதம் எடுத்துக்கிட்டாங்க. நீங்க என்ன வேலை பாக்குறீங்களோ அந்த வேலைல அந்த உறுப்பு என்ன செய்யுதுன்னு வக்கீலுக்கு புரியற மாதிரி செஞ்சு காட்டுங்க, அவங்களுக்கு தெரிஞ்சிருக்கும்னு விட்டுடாதீங்க.

வருமானத்துக்கு நான் மாசம் 18,000ன்னு சொன்னேன், சம்பளச் சீட்டு எங்க இருக்கு நமக்கு, கம்பெனில இருந்து ஜிபேல வந்த காசோட பேங்க் ஸ்டேட்மெண்டும் பீஸ் கணக்கு நோட்டும் குடுத்தேன், 12,000தான் எடுத்துக்கிட்டாங்க. கைல காசா வாங்கினதுக்கு ஆதாரம் இல்ல. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்றவங்க எல்லாம் தயவு செஞ்சு பேங்க்லயே வாங்குங்க. ஆக 12,000த்தோட 40 சதவீதம் சேத்து 16,800, அத 12 மாசத்தால, என் வயசுக்கான 15ஆல பெருக்கி அதுல 20 சதவீதம், 6,04,800. அதோட மருத்துவச் செலவு, வேலைக்கு போகாத மாசத்து வருமானம், வலி வேதனை, சத்தான சாப்பாடு, வண்டிச் செலவு, கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்கு ஒரு தொகைன்னு சேத்து கிட்டத்தட்ட 10 லட்சம், மனு போட்ட தேதில இருந்து 7.5 சதவீத வட்டியோட. பாத்துக்கிட்டது எங்கம்மாதான், கூலிக்கு ஆள் வைக்கல, அதுக்கும் கேக்கலாம். வேலைக்கே போகாத குடும்பத் தலைவிக்கும் வீட்டு வேலைக்கு வருமானம் கணக்கிட்டு குடுக்கணும்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, வீட்லதானே இருந்தாங்கன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க.

இடைல லோக் அதாலத்துல, அதான் பேசித் தீத்துக்குற மக்கள் நீதிமன்றத்துல, கூப்பிட்டு இன்ஸூரன்ஸ்காரங்க மூன்றரை லட்சம் தர்றேன்னாங்க. நகை வட்டி ஏறிட்டிருந்துச்சு, பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ், ஒரு நிமிஷம் கையெழுத்து போட்டுடலாம்னு தோணுச்சு. லோக் அதாலத் நல்ல இடம்தான், சீக்கிரம் முடியும், ஆனா அங்க முடிச்சா அப்பீல் கிடையாது. மேடம் மேல சொன்ன கணக்க ஒரு தாள்ல போட்டுக் காட்டினாங்க, அதப் பாத்துதான் வேண்டாம்னேன். தொகை உங்க கணக்குக்கு பக்கத்துல இருந்தா வாங்கிக்கோங்க, மூணுல ஒரு பங்குன்னா காத்திருக்கலாம், அவசரத்த பாத்து பேரம் பேசுறாங்க. அடகு வட்டியா நான் கட்டினத எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரல, விட்டுப் போன கம்பெனி ஆர்டரும் திரும்ப வரல, அது உண்மை.

2025ல தீர்ப்பு வந்துச்சு, இன்ஸூரன்ஸ் அப்பீல் போகல. போயிருந்தா அவங்க ஒரு பகுதிய கட்டிட்டுதான் போயிருக்கணும். பணம் எடுக்குறப்பவும் கவனம், பாஸ்புக்கும் செக்கும் உங்க கைல இருக்கட்டும், 2025 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் நஷ்ட ஈட்டுப் பணத்த நேரா அடிபட்டவங்க பேங்க் கணக்குக்கே அனுப்பலாம்னு சொல்லியிருக்கு, அதக் காட்டிக் கேளுங்க. கோர்ட்டு ஒரு பகுதிய டெபாசிட்ல போடச் சொல்லலாம், அவசரத் தேவைன்னா காரணம் சொல்லி மனு போட்டு எடுக்கலாம்.

அந்தத் தம்பியோட அம்மாகிட்ட கடைசியா சொன்னத இங்கயும் சொல்லிடறேன். உள்ள வச்ச பிளேட்ட ஒரு நாள் எடுக்கணும், அதுக்கு இன்னொரு ஆபரேஷன். கேஸ் முடிஞ்சப்புறம் அந்தச் செலவ தனியா போயி கேக்குறது நடக்காத காரியம். அதனால ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட இப்பவே, பின்னாடி எடுக்க எவ்வளவு ஆகும்னு லெட்டர்பேட்ல எழுதி வாங்கி மனுவோட சேத்துடுங்க. எனக்கு அப்படி எழுதி வாங்கினதாலதான் அதுக்குன்னு தனியா ஒரு தொகை தீர்ப்புல வந்துச்சு, வர்ற தை மாசம் எடுக்கப் போறேன்.